பெட்டி நடை

நிரல் துண்டுகளைக் கோக்கும் லிங்கர் என்றாலே புரோகிராமர் ஜெசிந்தாவுக்கு ஓர் இளக்காரம். கம்பைலராவது பரவாயில்லை, எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லித் திட்டும். இந்த லிங்கர் இருக்கிறதே, எல்லாம் முடிந்து கை கழுவப் போகிற நேரத்தில் வந்து 'இன்னார் எங்கே?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இருபது வருடத்தில் அதனிடம் அவள் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. இதை அவளே குறைந்தது பத்துப் பேரிடம் சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலமும் தோற்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை. தூத்துக்குடி கடலோடிகள் கூட்டுறவு நடை மையத்தின் மாடியறையில், திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி நின்றது: என்எக்ஸ்_41 என்ற ஃபங்ஷனைக் காணோம். நிரல் துண்டுக்கு அதன் வேலையைச் சொல்லிப் பெயர் வைக்காமல் எண்ணைச் சொல்லிப் பெயர் வைத்துவிட்டுப் போன புண்ணியவான் எந்த நாட்டில் இருக்கிறானோ.

"என்னக்கா, கோளாறா?" என்று எட்டிப் பார்த்தான் இர்ஃபான். மையத்தின் பிசியோதெரபிஸ்ட். கீழே பந்தல் போடுகிறவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் வருகிறார், புதுப் பெட்டியைத் தொடங்கி வைக்க.

"கோளாறு ஒண்ணுமில்ல. ஒரு ஆள் வரல, அவ்வளவுதான்."

பெட்டி என்பது ஊரார் வைத்த பெயர். சங்கு எடுக்க ஆழத்துக்குப் போகும் சங்குகுளிகள், கம்ப்ரசர் காற்றை நம்பி நேரம் போனது தெரியாமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் மேலே வந்தால், ரத்தத்தில் குமிழி ஏறி முதுகுத் தண்டு செத்துப்போகும். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அப்படி விழுந்த அறுபத்து நான்கு பேரை எழுப்பி நடக்கவைத்தது இடுப்பில் கட்டும் அந்தப் பெட்டி. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி 2060-இல் மூடிக்கொண்டது. போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தது. தன் நிரல்கள் அத்தனையையும் விளக்கக் குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் பொதுவில் கொட்டிவிட்டுப் போனது. பழைய பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியிருந்தன. பதினோரு பேர் மறுபடி கட்டிலில் கிடந்தார்கள். புதுச் சிப்பு வாங்கி, அதற்கேற்ப எல்லா நிரலையும் திரும்பக் கட்டும் வேலை ஜெசிந்தாவுடையது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் இர்ஃபான். வேலை நடக்கும்போது விளக்கம் கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவனைப் பிடிக்கும்.

"மேல ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. இப்ப வலது கால எடு, படி வருது, மெதுவாப் போன்னு அது சொல்லும். நல்ல புத்திசாலி, ஆனா மந்தம். காலுக்கு ஒரு நொடியில ஆயிரம் தடவ கட்டள போணும். அதுக்குன்னு வேற மொழியில வேகமா எழுதி, அது கூட ஒட்டவைக்கிற துண்டுதான் மாட்யூல். அந்தத் துண்டுகள ஒண்ணாச் சேர்க்கிறவன் லிங்கர். படகு எடுக்கறதுக்கு முன்னால ஆளச் சரிபார்க்கிறவன்னு வச்சுக்க. பட்டியல்ல பேர் இருந்து ஆள் இல்லன்னா படக எடுக்க விடமாட்டான்."

"ஆள் எங்க போச்சு?"

"தொள்ளாயிரம் ஃபைலும் தேடிட்டேன். இந்தப் பேரே எங்கயும் இல்ல. கம்பெனிக்காரன் கொட்டும்போது சிந்திட்டான் போல."

"அது என்ன வேல பார்த்துச்சு?"

"கூப்பிட்டா ஒரு எண்ண திருப்பித் தரும். எதுக்குன்னு எழுதல. மொத்த நிரல்லயும் ஒரே ஒரு இடத்துலதான் அதக் கூப்பிடுதான்."

மணி ஆறு. ஜெசிந்தா செய்தது எந்தப் புரோகிராமரும் செய்கிற காரியம்தான். புது ஃபைல் ஒன்று திறந்து, அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். உள்ளே ஒன்றும் கிடையாது. யார் கூப்பிட்டாலும் பூஜ்யம் என்று பதில் சொல்லும். ஆள் வராத இடத்தில் ஒரு சட்டையை மாட்டி உட்காரவைத்தது மாதிரி. லிங்கர் பட்டியலைப் பார்த்தது, தலையை ஆட்டியது, மாட்யூல் கட்டி முடிந்தது. இர்ஃபான் கைதட்டினான். அவள் காலரைத் தூக்கிவிடுவதுபோல் பாவனை செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

*

முதல் புதுப் பெட்டி ரூஃபஸ் மோத்தாவுக்கு. வயது நாற்பத்தாறு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வரை தெரேஸ்புரத்தில் அவரை விட ஆழம் போனவர் கிடையாது. பேச்சிலும் அவரை விட ஆழம் போகிறவர் கிடையாது என்பது அவர் மனைவி ஃபிலோவின் புகார்.

பெட்டிக்காரர்கள் நடக்கும் நடையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இடது காலை அரைகுறையாக ஊன்றி, சட்டென்று வலதுக்குத் தாவுகிற ஒரு நொண்டல். அறுபத்து நான்கு பேருக்கும் ஒரே அச்சு. அதற்குப் பெட்டி நடை என்றே பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை நடித்துக்காட்டி அடி வாங்குவார்கள். மிஷின் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விழுந்து கிடப்பதற்கு நொண்டுவது எவ்வளவோ மேல் அல்லவா.

பந்தலில் ரூஃபஸ் எழுந்தார். ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி. நொண்டல் இல்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர் மாதிரி நேராக, நிதானமாக நடந்து ஆட்சியரிடம் போய்க் கை கொடுத்தார். எழுந்த சத்தத்தில் பந்தல் கம்பமே ஆடியது.

"தங்கச்சி, நொண்டலையும் சேர்த்துச் சரி பண்ணிட்டியே!" என்று கத்தினார் ரூஃபஸ்.

தான் எதையும் சரி பண்ணவில்லை என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். புதுச் சிப்பு வேகமானது, அதனால் இருக்கும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். மைக்கைக் கையில் கொடுத்தபோது அதையே கொஞ்சம் அலங்காரமாகவும் சொன்னாள். ஃபிலோ வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நிமிடம் ஜெசிந்தாவுக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ரூஃபஸ் நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். காலையில் மாதா கோயில், பிறகு பீச் ரோடு, மத்தியானம் சங்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் தரம் பிரிக்கும் வேலை. ஒன்பது வருடமாக அவரைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்ட தெருவில், இப்போது யாருக்கும் வழிவிடாமல் நடந்தார். மற்ற அறுபத்து மூன்று பேரும், கட்டிலில் கிடந்தவர்கள் சக்கர நாற்காலியிலுமாக, மையத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்கு எப்போது? அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை என்று தேதி குறித்தாள் ஜெசிந்தா.

*

பத்தொன்பதாம் நாள் இர்ஃபான் போன் செய்தான். "எக்கா, ரூஃபஸ் அண்ணன ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ஒடனே வாங்க."

கிட்டங்கியில் உடைந்த சங்குச் சில்லு ஒன்று செருப்பைத் துளைத்து வலது உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. ரூஃபஸுக்குத் தெரியவில்லை. அதன்மேலேயே நான்கு நாள் ஊர் சுற்றியிருக்கிறார். காய்ச்சல் வந்து, நாற்றம் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டு விரலை அன்று காலையே எடுத்துவிட்டார்கள். பாதம் நிற்குமா என்பது இன்னும் மூன்று நாளில் தெரியும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் ஃபிலோ சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் வற்றிப்போயிருந்தது.

"மதினி, காலு மரத்துப் போனவுங்களுக்கு இந்த ஆபத்து எப்பவுமே உண்டுல்லா" என்று ஆரம்பித்தாள் ஜெசிந்தா. ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவள் நினைப்பு.

"ஒம்பது வருசமா வரலியே" என்றாள் ஃபிலோ. "முள்ளு குத்தியிருக்கு, கண்ணாடி குத்தியிருக்கு, ஒரு தடவ கொதிக்கிற கஞ்சி கொட்டியிருக்கு. அன்னன்னைக்கே நான் பார்த்துருக்கேன்."

"எப்பிடித் தெரிஞ்சுது?"

"நொண்டல் கூடும்லா? எப்பவும் நொண்டுததுக்கு மேல நொண்டுனாகன்னா கால நீட்டுங்கன்னு சொல்லிப் பார்ப்பேன். எதாவது இருக்கும். பெட்டிக்காரவுக பொண்டாட்டிமார் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பெட்டியில நொண்டவே இல்ல. சில்லு ஏறுன கால வச்சுக்கிட்டு ராசா மாதிரி நடந்தாக. நான் என்னத்தக் கண்டேன்?"

"இத யாரும் எங்கிட்ட சொல்லலையே, மதினி."

"நீங்க கேக்கலையே" என்றாள் ஃபிலோ. குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

*

இர்ஃபானோடு மாடியறைக்கு வந்ததும் ஜெசிந்தா தன் கையால் எழுதிய அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள். நான்கே வரி. யார் கேட்டாலும் பூஜ்யம். அந்த எண் வலியின் அளவு என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கீழே கால் கதறியிருக்கிறது, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு அடிக்கும் 'எவ்வளவு வலி?' என்று கேட்டிருக்கிறது, இவளுடைய சட்டை 'ஒன்றுமில்லை, நடக்கச் சொல்லு' என்று பதில் சொல்லியிருக்கிறது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். அழுது கொண்டிருந்தால் யார் சரி பண்ணுவது?

"வலி மூளைக்குத்தான் போகாது, இர்ஃபான். முதுகுல செத்த இடம் வரைக்கும் வந்து நிக்கும். கம்பெனிக்காரன் அந்த இடத்துலயே காத வச்சுக் கேட்டிருக்கான். கேட்டு, வலிக்கிற கால்ல பாரம் போடாதேன்னு சொல்லியிருக்கான். நொண்டல் மிஷினோட கோளாறு இல்ல. மனுசன் எப்பிடி நொண்டுவானோ அப்பிடி நொண்டியிருக்கு."

ஒன்பது வருடமாக அந்த நொண்டலைப் போக்கத்தான் இர்ஃபான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த முறை அவள் மூல ஃபைல்களில் தேடவில்லை. கட்டி முடித்த நிரல் மூட்டைகளான லைப்ரரிகளைத் திறந்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் எடுத்தாள். மூன்றாவது லைப்ரரியிலேயே இருந்தது என்எக்ஸ்_41. தொலையவே இல்லை. எழுதினவன் அந்தப் பெயரை இரண்டு துண்டாக்கி, கட்டும் நேரத்தில் ஒட்டிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறான். அதனால்தான் முழுப் பெயரைத் தேடியபோது அகப்படவில்லை. அன்று சாயங்காலம் இன்னும் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

"இருக்குன்னா லிங்கர் ஏன் இல்லன்னுச்சு?"

"அவன் கரையோரமாவே படக ஓட்டிட்டுப் போவான். இதுவர யார் யாரக் கேட்டிருக்காங்களோ அவுங்கள மட்டும் ஏத்திக்குவான். கேக்காத ஆள் நின்னா பார்க்காமத் தாண்டிருவான். அந்தாலப் போன பொறவு கேட்டா திரும்பி வரமாட்டான். இந்த லைப்ரரிய நான் வரிசையில முன்னால வச்சிட்டேன், கேக்கிற ஆள் பின்னால இருந்தான்."

லைப்ரரியின் பெயரை வரிசையின் கடைசிக்கு நகர்த்தினாள். கட்டினாள். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. சோதனை மேசையில் இருந்த செயற்கை நரம்பில் ஊசியால் குத்திப் பார்த்தாள். திரையில் பூஜ்யம். அழுத்திக் குத்தினாள். அப்போதும் பூஜ்யம்தான்.

இர்ஃபான் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு நொடி கண்ணை மூடினாள், பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"என் சட்ட இன்னும் அங்கயே உக்காந்திருக்கு! இடம் நெறஞ்சிருக்குன்னு, கரையில நிக்கிற நிசமான ஆள அவன் ஏத்தவே இல்ல."

நான்கு வரி ஃபைலை அழித்தாள். மறுபடி கட்டினாள். ஊசியால் தொட்டதும் திரையில் எண் எழுபதைத் தாண்டியது. அந்த எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

*

பாதம் நின்றது. மூன்று விரலோடு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள் ஜெசிந்தா. பூஜ்யத்தைச் சொன்னாள், மைக்கில் பேசிய பேச்சைச் சொன்னாள். மையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிட்டதையும் சொன்னாள். ரூஃபஸ் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"அப்ப நான் நேரா நடந்தது பொய்யி."

"ஆமாண்ணே."

"ஒன் மேல கோவம் இருக்கு, தங்கச்சி. இல்லன்னு சொன்னா அது இன்னொரு பொய்யாப் போயிரும்." அவர் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பத்தொம்பது நாளு. எம்மவ எங்கூடக் கோயிலுக்கு வந்தா தெரியுமா? ஒம்பது வருசமா வராதவ. கூட நடக்க வெக்கம்னு சொல்லமாட்டா, தலவலிம்பா. இப்பத் திரும்ப நொண்டச் சொல்லுத."



வெளியிலும் அதே பேச்சுதான். முதல் திங்கட்கிழமை தள்ளிப்போனது. அறுபத்து மூன்று பேரும் கூட்டம் போட்டார்கள். கால்களை நாங்களே தினமும் சோதித்துக்கொள்கிறோம், நொண்டாத பெட்டியையே கொடுங்கள் என்று பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். சத்தம் போட்டவர்களை அவள் நேருக்கு நேர் பார்த்து, காது கேளாத பெட்டியை என் கையால் யாருக்கும் கட்டமாட்டேன் என்றாள். ஆளை மாற்றச் சொல்லி மனு எழுதுவோம் என்றார்கள். எழுதுங்கள் என்றாள்.

முடிவில் ரூஃபஸே ஒரு வழி சொன்னார். புண் ஆறியதும் முதலில் அவருக்கே கட்டிப் பார்ப்பது. அவர் அதோடு வீட்டுக்குப் போகச் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பது.

*

ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை. கீழே கூடத்தில் அறுபத்து மூன்று பேரும் பெஞ்சுகளிலும் சக்கர நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையில் நால்வர் மட்டும்: ரூஃபஸ், ஃபிலோ, இர்ஃபான், ஜெசிந்தா. பெட்டி சொல்லும் எண் சுவரில் பெரிதாகத் தெரியும்படி இர்ஃபான் திரையை மாட்டியிருந்தான்.

ரூஃபஸ் எழுந்தார். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. அதே தாவல், அதே பெட்டி நடை. சன்னல்வரை போய்த் திரும்பியவர், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"போதும் தங்கச்சி. புண்ணெல்லாம் ஆறியும் நொண்டத்தானே செய்யுது? கழட்டிரு."

ஃபிலோ வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். வலது கால் மூன்று, இடது கால் எழுபத்தெட்டு.

"அண்ணே, அசையாம நில்லுங்க. ஒங்க புண்ணு வலதுலதானே? இடதுல என்ன?"

"இடதுல ஒண்ணும் கெடையாது. எல்லாருக்கும் இடதுதானே நொண்டும்."

எல்லாருக்கும் இடது. அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது? இந்தத் தடவை அவள் கேட்டதோடு விடவில்லை. தரையில் மண்டியிட்டு, அவர் வேட்டியை ஒதுக்கி, இடுப்பிலிருந்து கீழே போகும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். கம்பியைக் காலோடு பிடித்துவைக்கும் பழைய பட்டை வலதில் உள்பக்கம், சதைமேல் முடிந்தது; இடதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம். அங்கே கனமான ஒரு பித்தளைக் கொக்கி. அதன் அடியில் ரூபாய் அளவுக்குத் தோல் கருத்துத் தடித்திருந்தது.

"இந்தத் தழும்பு?"

"அது பெட்டித் தழும்பு. எல்லாருக்கும் இருக்கும்."

"கம்பெனி கொடுத்த பட்டையில இந்தக் கொக்கி இல்லையே."

"அவன் கொடுத்த கொக்கி பிளாஸ்டிக்கு, ஆறே மாசத்துல பிச்சுக்கிட்டுது. இது நாங்க முங்கும்போது இடுப்புல ஈயம் கட்டுற பெல்ட்டுக் கொக்கி. கண்ணு தெரியாத கலங்கல்லகூட ஒத்தக் கையால மாட்டலாம். நாந்தான் கொண்டாந்தேன். சங்குகுளிக்குச் சங்குகுளிக் கொக்கிதான் சரின்னு எல்லாருமா மாத்திக்கிட்டோம்." அதில் அவருக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது.

இர்ஃபானும் மண்டியிட்டுப் பார்த்தான். "எக்கா, அந்த எடத்துல எலும்புக்கு மேல நரம்பு ஓடுது. தோலுக்கு அடியிலயே."

ஜெசிந்தா கொக்கியைத் திறந்து, பட்டையை நான்கு விரல் கீழே இறக்கி, சதைப்பற்றுள்ள இடத்தில் துணியால் கட்டினாள். திரையில் எண் இறங்கியது. அறுபது. நாற்பத்தொன்று. இருபத்தைந்தில் வந்து தயங்கி நின்றது.

"நடங்கண்ணே."

அவர் நடந்தார். சன்னல்வரை, சன்னலிலிருந்து கதவுவரை. தாவல் லேசாகத் தெரிந்தது, திரும்பி வரும்போது அதுவும் குறைந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. ரூஃபஸ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை மிடுக்கெல்லாம் எங்கோ போயிருந்தது.

"அப்ப இது வலியா?"

"ஆமாண்ணே."

"ஒம்பது வருசமும்?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள்.

ரூஃபஸ் குனிந்து அந்தக் கருத்த இடத்தில் கையை வைத்தார். தொடுகிற கைக்குத்தான் தெரிந்தது, தொடப்பட்ட காலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஏ ஃபிலோ, எண்ணெய் இருந்தா கொண்டா. இந்த எடத்த நல்லாத் தேச்சு விடு. எனக்குத் தெரியாது, ஆனா அதுக்குத் தெரியும்."

ஃபிலோ தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவள் தேய்க்கத் தேய்க்க, சுவரில் எண் இருபது, பதினாறு, பதினொன்று என்று இறங்கியது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூஃபஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இர்ஃபான், வெளிய போய் அவுகளுட்ட சொல்லு. பெட்டி வேணுமா வேண்டாமான்னு பொறவு பேசிக்கிடலாம். முதல்ல எல்லாரும் இருந்த எடத்துலயே கொக்கியத் தெறக்கச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லு."

இர்ஃபான் போனான். கூடத்தில் அவன் குரல் கேட்டது, யாரோ எதிர்த்து ஏதோ கேட்டார்கள், அதற்கு அவன் பதில் சொன்னான். அதற்கப்புறம், பெஞ்சு பெஞ்சாக, பித்தளைக் கொக்கிகள் திறக்கும் சத்தம் வரத் தொடங்கியது.